வாசற்படியின் வயது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு 'பிரேக்' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஒட்டிக்கொண்டது மட்டும் நிச்சயம். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் ஆபத்து என்றால்தான் அதைத் தொடுவார்கள். இவளுடைய கால் அதன்மேலேயே குடித்தனம் நடத்தியது. நாளடைவில் பெயர் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தம்பி "பிரேக்கக்கா" என்பான். அம்மா கோபம் வந்தால் மட்டும் "ஏண்டி பிரேக்கு" என்பாள். அம்மாவுக்கு அடிக்கடி கோபம் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். "திரும்பி வெளிய வர வழி தெரியாத சந்துக்குள்ள வண்டிய விடாதீங்க." சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் தலையாட்டிவிட்டு முதல் கியரைத் தேடுவார்கள். அவளோ வண்டியில் மட்டுமல்ல, கல்யாணப் பேச்சு வந்தபோதும், வேலை மாற்றம் வந்தபோதும் அதையே பிடித்துக்கொண்டாள். அதனால் நாற்பத்தாறு வயதில் அதே வேலையில், அதே வீட்டில், அம்மாவோடு இருந்தாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டபோதுதான் வீட்டின் யோக்கியதை தெரிந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்னால் இன்னொருவர் வீட்டின் முதுகு. உள்ளே போக ஒரே வழி தெருவாசல். அதற்கு ஐந்து கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஆள் படுக்கலாம் போல அகலம். மருத்துவர் எலும்பில் தகடு வைத்துத் தைத்தார். இனி சக்கர நாற்காலிதான் என்றார். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தம்பி வீடு நாலாவது மாடியில் இருந்தாலும் லிப்ட் உண்டு. எனவே அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனாள்.

அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை அதுதான் குறை. தனி அறை, பெரிய ஜன்னல், நேரத்துக்குச் சாப்பாடு, வாய் திறந்து எதிர்த்துப் பேசாத மருமகள். சண்டை போட ஆளில்லாமல் அம்மா இளைத்துப் போனாள். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, லிப்ட் கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பிரேக் மாலையில் வந்தால் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டாள்.

"எப்ப?" என்பாள்.

"படிய எடுத்துட்டு சாய்வா ஒரு தளம் போட்டுடுறேம்மா. அப்புறம் உள்ள வெளிய சுலபமா போய் வரலாம்."

"அதான் எப்பன்னு கேக்குறேன்."

முதலில் கொத்தனார் வந்தார். படிகளை அளந்தார், தெருவை அளந்தார், கடைசியில் நிமிர்ந்து வீட்டின் முகத்தைப் பார்த்தவர் அளவு நாடாவைச் சுருட்டிவிட்டார்.

"இந்தப் பக்கத்து வீடெல்லாம் பாரம்பரியக் கட்டடக் கணக்குல வருதுன்னு பேச்சு. நீங்க எதுக்கும் விசாரிச்சுட்டு வாங்க. மூலை வீட்டுக்காரர் ஒரு ஜன்னலத்தான் மாத்தினாரு. பழைய ஜன்னலயே திருப்பி வையுங்கன்னு உத்தரவு போட்டுட்டாங்க."

"வச்சாரா?"

"எங்க வைக்க? அதக் கழட்டின மறுநாளே அடுப்புல வச்சு வெந்நீர் போட்டுட்டாரு."

மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்துத் தேடும் வசதி இருந்தது. பிரேக் தன் வீட்டு எண்ணையும் தெருவையும் அடித்தாள். 'தகவல் இல்லை' என்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று அன்றே கடப்பாரையைத் தூக்கியிருப்பார்கள். அவள் மூலை வீட்டின் எண்ணை அடித்துப் பார்த்தாள். அதற்கும் 'தகவல் இல்லை'. மாநகராட்சி அலுவலகத்தின் முகவரியையே அடித்தாள். அதைப் பற்றியும் மாநகராட்சிக்குத் தகவல் இல்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் கிளம்பினாள்.

கட்டட அனுமதிப் பிரிவில் அவளைத் திட்டமிடல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். பழைய நகரத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கோடு. மேசையில் இருந்தவர் நிமிராமலேயே விளக்கினார்.

"கோட்டுக்கு உள்ள இருந்தா பாரம்பரியப் பகுதி. வெளிய இருந்தா இல்ல. பாத்துக்குங்க."

அவள் தெருவைக் கண்டுபிடித்து, மூலையிலிருந்து வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். "கோட்டு மேலயே இருந்தா?"

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். வரைபடத்தில் கோட்டின் தடிமனும் அவள் வீட்டின் அகலமும் ஒன்றாகவே இருந்தன. வரைந்தவர் கொஞ்சம் கூரான பேனாவை எடுத்திருந்தால் மேசைக்காரருக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது. "நீங்க மூணாவது மாடிக்குப் போயிடுங்க," என்றார். நல்லவேளையாக அவர் கைக்கெட்டும் தூரத்தில் மூன்றாவது மாடி இருந்தது.

மூன்றாவது மாடியில், கதவுப் பிடிகளும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் அடைத்து வைத்த ஓர் அறையில், பாரம்பரியப் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருந்தாள். பிரேக்கைவிடப் பத்து வயது இளையவள். ஓட்டுத் துண்டுகளைத் தவிர யாரும் பேச வருவதில்லை போலிருக்கிறது, வந்தவளை மலர்ந்த முகத்தோடு உட்காரச் சொன்னாள்.

"ரெண்டு விதமா இருக்குங்க. ஒரு பகுதியவே பாதுகாக்குறது ஒண்ணு. தனி வீட்டப் பாதுகாக்குறது ஒண்ணு. கோடு வீட்டு மேல விழுந்தா அத வெளியேன்னுதான் எடுத்துக்குவோம். அதனால பகுதிக் கணக்குல உங்க வீடு வராது."

பிரேக்குக்கு மூச்சு வந்தது.

"ஆனா தனி வீட்டுக் கணக்குல இருக்கு," என்றாள் அதிகாரி, கணினியைப் பார்த்துக்கொண்டே. "முகப்பு மட்டும். வாசற்படி, கதவு, கதவுக்கு மேல வண்ணக் கண்ணாடி, ஜன்னல் கம்பி. வீட்டு வயசு நூறுக்கு மேலன்னு ஆய்வுல பதிவாகியிருக்கு. உள்ள நீங்க என்ன வேணா மாத்திக்கலாம், வெளிய ஒரு ஆணி அடிக்கக்கூட எங்கள கேக்கணும்."

பிரேக் சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. "மேடம், அந்த வீட்ட விட நான் மூத்தவ! அஸ்திவாரம் தோண்டுறப்ப எனக்கு ஏழு வயசு. அந்தக் குழிக்குள்ள விழுந்து பல்லு உடைச்சுக்கிட்டேன்." உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள்.

அதிகாரி பல்லை அக்கறையோடு பார்த்தாள். பழைய பொருள் எதுவானாலும் அவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று பட்டது. "அப்ப ஆய்வுல தப்பு நடந்திருக்கு. நீக்கிடலாம். நானே வந்து பாக்குறேன். ஆனா தப்பு எப்படி வந்துச்சுன்னு நீங்க விளக்கம் சொல்லணும்."

விளக்கம் நாலாவது மாடியில் லிப்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஆமா, ஒருத்தன் வந்தான்," என்றாள் அம்மா. "தோள்ல பையி, கையில அட்டை. நீ வேலைக்குப் போயிருந்தே. உங்கப்பாதான் பேசினாரு."

அப்பா உயிரோடு இருந்தவரை கட்டடம் இடிக்கும் ஒப்பந்தக்காரர். நகரத்தில் அரை நூற்றாண்டாகக் காணாமல் போன பெரிய கட்டடங்களில் பாதி அவர் கையால் போனவை. பள்ளிக்கூடத்தில் பிரேக்கை 'இடிகாரன் பொண்ணு' என்று கூப்பிடுவார்கள். அப்பா வழியில் போனாலே தங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வதுபோல நடித்துக் காட்டுவார்கள். அதை அவள் அப்பாவிடம் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை. அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடிக்கும் ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஒரே ஒரு சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றுக்கு மேல் எடுக்கமாட்டார். அப்படிச் சேர்ந்தவற்றை வைத்துத்தான் அந்த வீட்டின் முகத்தைக் கட்டினார்.

"வந்தவன் கதவத் தட்டிப் பாத்துட்டு, 'இது எத்தனை வருஷம்'னு கேட்டான். இவரு 'நூத்திப் பத்து'ன்னாரு. படி எத்தனைன்னான். 'அதுக்கும் மேல'ன்னாரு. கண்ணாடிக்கு ஒரு வயசு, கம்பிக்கு ஒரு வயசு. எல்லாம் நெசந்தானே? அவரு கதவுக்கு வயசு கேட்டா கதவோட வயசத்தான் சொல்லுவாரு. வீட்டுக்கு வயசு எத்தனைன்னு அவன் கேக்கவே இல்ல. எழுதிக்கிட்டு, கும்பிடு போட்டுட்டுப் போனான்."

இடிக்கிறவருக்குக் கட்டடம் என்று ஒன்று கிடையாது. கதவு உண்டு, கல் உண்டு, கம்பி உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றிப் பழகிய கண். வந்தவனோ எதையும் கழற்றிப் பார்த்திராதவன். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே ஒரு நாற்பது வயது வீட்டைக் கிழவியாக்கிவிட்டார்கள்.

"பாதுகாக்கப்பட்ட வீடுன்னு கதவுல அறிவிப்பு ஒட்டியிருப்பாங்களேம்மா?"

"ஒட்டினாங்க. உங்கப்பா படிக்கவே இல்ல. மாநகராட்சி ஒரு வீட்டுல தாளு ஒட்டினா அவருக்குத் தெரிஞ்ச அர்த்தம் ஒண்ணுதான், இடிக்கப் போறாங்க. அத்தன வீட்டுல ஒட்டினதுக்கு அப்புறம் தானே இவரு கடப்பாரையோட போவாரு. வேர்த்து விறுவிறுத்துப் போயி, தண்ணி ஊத்தி ஊறவச்சு, ஒரு துணுக்கு விடாம சுரண்டி எடுத்தாரு. ஒரு வாரம் தூங்கல. 'எவன் வர்றான் பாக்குறேன்'னு படியிலயே உக்காந்திருந்தாரு."

அம்மா சிரித்தாள். தம்பி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து மருமகள் பார்த்ததில்லை, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதிகாரி சொன்னபடி வந்தாள். பிரேக் வெற்றி உறுதி என்ற தெம்பில் தெருவில் நின்று, ஒவ்வொன்றாகக் கை காட்டி விளக்கினாள். இதுவரை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்ட விஷயம். இப்போது அதுவே ஆதாரம்.

"படி பழைய தபால் ஆபீஸ்ல இருந்தது. கதவு பெண்கள் பள்ளிக்கூடத்தோடது. மேல கண்ணாடி கண்ணாஸ்பத்திரி. கம்பி நாடகக் கொட்டகை. எல்லாம் எங்கப்பா இடிச்ச இடம். இந்த வீட்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நீங்க தாராளமா நீக்கிடலாம்."

அதிகாரி முதல் படியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். படியின் ஓரத்தில், ஆயிரக்கணக்கான பேர் மிதித்து வழுவழுத்த குழியில் விரலை வைத்திருந்தாள்.

"தபால் ஆபீஸா? ஆத்துப் பாலத்துக்கிட்ட இருந்ததா?"

"அதேதான்."

"அதோட ஒரு செங்கல்கூட மிஞ்சலன்னு நாங்க எழுதி வச்சிருக்கோம்." விரலை எடுக்காமலே சொன்னாள். "என்கிட்ட ஒரே ஒரு போட்டோ இருக்கு. அதுல இந்தப் படி பாதிதான் தெரியும். கொட்டகைக் கம்பி, ஆஸ்பத்திரிக் கண்ணாடி... அய்யோ, இது எதுவுமே மிச்சமில்லன்னு நெனச்சோமே! எல்லாம் ஒரே சுவத்துல இருக்கு!"

பிரேக்கின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஆனால் வாய் ஏற்கெனவே சரிவில் இறங்கியிருந்தது. ஆதாரம் என்று அவள் அடுக்கியதெல்லாம் எதிர்க்கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்ப... நீக்க மாட்டீங்களா?"

"பதிவுல தப்பு இருக்குங்க, திருத்தணும்," என்றாள் அதிகாரி எழுந்து. "இப்ப ரெண்டாம் நிலைப் பாதுகாப்புல இருக்கு. முதல் நிலைக்கு மாத்தணும்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் என்ன செய்வாள்? பிரேக் படியில் உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி முழுவதும் சொன்னாள். இடுப்பு, நாற்காலி, லிப்ட், தினமும் வரும் அந்த 'எப்ப?'. அதிகாரிக்கும் கண் கலங்கியது. நல்ல மனசுக்காரிதான். ஆனால் நல்ல மனசு கருங்கல்லைக் கரைக்காது. படியைத் தொட முடியாது. படிக்கு மேல் கழற்றி மாட்டும்படி ஒரு சாய்தளம் வைக்கலாம், அதற்குக் குழுவின் அனுமதி வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைந்தது.

"சனிக்கிழமை வந்து அளவும் போட்டோவும் எடுத்துட்டா, அடுத்த கூட்டத்துல முதல் ஆளா உங்க மனுவ வச்சிடுறேன்," என்றாள்.

அன்று மாலை நாலாவது மாடியில் பிரேக் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே கெட்ட சகுனமாக இருந்தது.

"ஆக, அத யாரும் இடிக்க முடியாது?"

"முடியாதும்மா."

"உன் தம்பி வித்தாலும்? வாங்குறவன் இடிக்க முடியாது?"

"யாராலயும் முடியாது."

தம்பி செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். அம்மா நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினாள். "அவரு ஒரு வாரம் காவல் இருந்தது வீண் போகல," என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், சனிக்கிழமை அந்த அதிகாரிப் பொண்ணும் வருதாம். உன்னோட சேத்து மூணு பேராச்சு. என்னக் கூட்டிட்டுப் போயிடு," என்றாள்.

"அம்மா, ஏத்திடலாம், எப்படி இறக்குறது?" பிரேக் பதறினாள். "வாரம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரி இருக்கு. இன்னும் மூணு மாசம் பொறுத்துக்கோ. இறங்க வழி பண்ணாம ஏத்தக் கூடாது."

அம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான்.

சனிக்கிழமை தெருவில் அம்மா வந்து இறங்கியபோது அதிகாரி படிகளை அளந்துகொண்டிருந்தாள். சக்கர நாற்காலி கனம். தம்பி உள்ளே போய், கை வைத்த மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மாவை அதில் மாற்றி உட்கார வைத்தார்கள். தம்பி பின்னால் இருந்து முதுகைத் தாங்க, பிரேக்கும் அதிகாரியும் முன்னங்கால் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். அளவு நாடா அதிகாரியின் கழுத்தில் தொங்கியது.

"மெதுவா, மெதுவா, நிறுத்து, இப்ப மெதுவா," என்று பிரேக் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நீ பேசாம தூக்குடி. நான் கார் இல்ல," என்றாள் அம்மா.

இரண்டாவது படியில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. நாலாவதில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "பாத்து, பாத்து, இடிச்சிடப் போறீங்க!" என்று அதிகாரி கத்தினாள். அம்மாவைச் சொன்னாளா, கதவைச் சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

கூடத்தில் வைத்ததும் அவள் முதலில் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள், மேசையில் தூசி என்று பிரேக்கைத் திட்டினாள். கண்ணாஸ்பத்திரியின் சிவப்பும் பச்சையும் தரையில் விழுந்து அவள் பாதம்வரை வந்திருந்தது. அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டில் இப்படி வெளியிலிருந்து ஐயா கொண்டுவந்தது வேறு ஏதாவது இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"நான் ஒருத்திதான் பாக்கி. எழுதிக்கோ," என்றாள் அம்மா.

அதிகாரி சிரித்துக்கொண்டே படம் எடுக்க வெளியே போனாள். தம்பி தண்ணீர் குடிக்கப் போனான். பிரேக் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி, ஏறியாச்சு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எப்படிம்மா இறக்குறது? மறுபடி மூணு பேருக்கு நான் எங்க போவேன்?"

"ஏத்திவிடுன்னுதானே இத்தன நாளா கேட்டேன்," என்றாள் அம்மா. "இறக்கிவிடுன்னு எப்பவாவது கேட்டேனா?"

பிரேக் யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. சாய்தளம், உள்ளே வெளியே, போவது வருவது எல்லாம் அவள் பேச்சு. அம்மா சொன்னது ஒரே சொல்.

"கால நீட்டி மடக்கத்தானே ஆஸ்பத்திரி? ஒரு பிள்ளைய இங்க வந்து செய்யச் சொல்லு. வரலன்னா நீ செய்."

"அப்ப அந்த மனு? இன்னிக்கு அளவெல்லாம் எடுத்தாச்சே. வேண்டாம்னு சொல்லிடவா?"

"ஏன் வேண்டாங்கணும்? அனுமதி வந்தா வாங்கிப் போட்டு வை, உதவும்." அம்மா அவள் தலையில் கை வைத்தாள். "இறங்காமயா இருந்துடப் போறேன்? என்னிக்கோ ஒருநாள் இறக்கித்தானே ஆகணும். அன்னிக்கு நான் வாயே திறக்கமாட்டேன். உன் இஷ்டத்துக்கு, மெதுவா இறக்கு."

பிரேக் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, நிறுத்த முயலவில்லை. வெளியே தெருவில் சக்கர நாற்காலி வெறுமனே நின்றது. அது படத்தில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று அதிகாரி தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.